முளைக்காத நாற்பது தட்டுகள்

சாத்துக்குடிக் கன்று வாங்க வருகிறவர்கள் இலையைப் பார்ப்பார்கள், உயரத்தைப் பார்ப்பார்கள், எத்தனை வருஷத்தில் காய்க்கும் என்று கேட்பார்கள். மண்ணுக்குள் இருப்பது யார் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. சாத்துக்குடி சொந்தக் காலில் நிற்பதில்லை என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. கரடுமுரடான தோலும் பல்லைக் கூசவைக்கும் புளிப்புமாகக் காட்டெலுமிச்சை என்று ஒன்று இருக்கிறது. சாதம் கலக்கக்கூட யாரும் சீந்தாத பழம். அதன் விதையை முளைக்கவைத்து, ஒரு வருஷம் வளர்த்து, தண்டு பென்சில் தடிமன் வந்ததும் அதில் சாத்துக்குடிக் கிளையிலிருந்து எடுத்த மொட்டைச் செருகி ஒட்டுக் கட்டுவார்கள். கீழே இருப்பதற்கு அடிச்செடி என்று பேர். பாடுபடுவது அது, பேர் வாங்குவது மேலே இருப்பது. நம் வீடுகளிலும் அப்படித்தானே நடக்கிறது.

ஸ்ரீரங்கத்திலிருந்து மேலூர் போகிற வழியில் மாதவனின் நாற்றுப் பண்ணை இருக்கிறது. வேணி அங்கே பதினெட்டு வருஷமாக இந்த அடிச்செடி வேலையைத்தான் பார்க்கிறாள். இப்போது எட்டுப் பெண்களுக்கு அவள்தான் மேஸ்திரி. ஐப்பசி மாசத்து ஒரு காலையில், தட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது, கேட்டைத் திறந்துகொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள்.

"புது வீட்டுக்கு முன்னாடி வைக்க ஒரு கன்னு வேணுங்க. கே.கே. நகர்ல கட்டியிருக்கோம். எலுமிச்சையோ சாத்துக்குடியோ, நல்லா வர்றதா பார்த்துக் குடுங்க."

வேணி அவள் முகத்தைப் பார்த்தாள். மோவாயைக் கொஞ்சம் தூக்கிப் பேசுகிற விதம் எங்கோ பார்த்ததாக இருந்தது. எங்கே என்று தெரிந்ததும் கையிலிருந்த பூவாளி கனத்துப் போயிற்று.

"நீங்க அரியமங்கலம் லின்சிக்கு என்ன வேணும்?"

"தங்கச்சிங்க. பிரான்சி. அக்காவை உங்களுக்குத் தெரியுமா?"

"இங்கதான் ஒண்ணா வேலை பார்த்தோம். நான் வேணி."

"அட, வேணி அக்காவா!" பிரான்சி அவள் ஈரக் கையையே பிடித்துக்கொண்டாள். "எங்க அக்கா வாயைத் தொறந்தா வேணி வேணின்னுதான் சொல்லும். புரட்டாசி வந்தா இன்னைக்கும் மீன் வாங்காதுங்க. கேட்டா, வேணிக்காக ஆரம்பிச்சது, விட முடியலைன்னு சொல்லும்."

வேணிக்குச் சிரிக்க வரவில்லை. கன்று எடுத்துக் கொடுக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள். பிரான்சி விடாமல் பேசினாள்.

"நடுறதுக்கு அக்காவைத்தாங்க கூப்பிட்டேன். எங்க வீட்டுல சின்ன வயசுலேருந்து அது கை பட்டா காஞ்ச குச்சியும் துளுக்கும். மாட்டவே மாட்டேன்னுடுச்சு. 'என் கை வெளங்காத கை, உன் புது வீட்டுல எதுக்கு'ன்னு சொல்லி அழுவுது. பன்னெண்டு வருஷமா மண்ணைத் தொடலைங்க அது. தொட்டில ஒரு கத்தாழைகூடக் கிடையாது. இங்க என்னமோ விதை முளைக்காமப் போச்சாமே, அதுலேருந்துதான் இப்படி."

"நல்ல கன்னா குடுத்திருக்கேன்," என்று மட்டும் வேணி சொன்னாள். பிரான்சி போன பிறகு பூவாளியில் தண்ணீர் தீர்ந்ததைக்கூடக் கவனிக்காமல் வெறும் பூவாளியைத் தட்டுகளின்மேல் ஆட்டிக்கொண்டே நடந்தாள்.

லின்சியும் அவளும் ஆறு வருஷம் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் அன்னக்கூடை நிறையக் காட்டெலுமிச்சைப் பழம். கத்தி விதையில் படக் கூடாது. அதனால் பழத்தைச் சுற்றித் தோலை மட்டும் கீறி, இரண்டு கையாலும் திருகிப் பிரித்து, விதையைப் பிதுக்கி எடுக்க வேண்டும். பிறகு மணலில் போட்டுக் கசக்கி வழவழப்புப் போகிறவரை அலச வேண்டும். புளிப்புத் தண்ணீர் நகக்கண்ணில் இறங்கிச் சுரீர் என்று எரியும். எரிச்சல் தெரியாமலிருக்க இருவரும் பேசுவார்கள். மாமியார், புருஷன், சீட்டு பிடித்து ஓடிப்போனவள், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் செருப்பைத் தொலைத்த கதை என்று பேச்சு ஓடும். அந்தச் செருப்புக் கதையை லின்சி நூறு தடவை சொல்லியிருப்பாள். நூறாவது தடவையும் வேணி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்த மாதிரிச் சிரிப்பு அப்புறம் அவளுக்கு வாய்க்கவே இல்லை.

மதியம் டிபன் பாக்ஸ் மாறிவிடும். வேணியின் புளிக்குழம்பு லின்சிக்கு, லின்சியின் மீன் வேணிக்கு. புரட்டாசி பிறந்தால் வேணி வீட்டில் கவிச்சி கிடையாது. "உன் பெருமாளுக்காக என் மீனுக்கு ஒரு மாசம் லீவு" என்று லின்சியும் வெறும் கத்திரிக்காய் கொண்டுவருவாள். தவக்காலத்தில் லின்சி கறி மீன் தொட மாட்டாள் என்றால் வேணியும் தொட மாட்டாள். ஆக மொத்தம் வருஷத்தில் இரண்டரை மாசத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து சைவம். இரண்டு வீட்டு ஆம்பிளைகளும் அதற்காக முணுமுணுத்தது தனிக் கதை.

விதை போடுவது மட்டும் லின்சியின் வேலை. கைராசிக்காரி. வருஷத்தின் முதல் விதையை அவள் கையால்தான் போட வேண்டும் என்பது மாதவன் வைத்த வழக்கம். நெற்றி நிறையத் திருமண் இட்டுக்கொண்டு நிற்பார். "ரங்கநாயகித் தாயாரை நினைச்சுக்கிட்டுப் போடும்மா" என்பார். லின்சி மணிக்கட்டால் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "வேளாங்கண்ணித் தாயை நினைச்சுக்கிட்டுப் போடுறேண்ணே" என்பாள். "ஏதோ ஒரு தாயார், முளைச்சாச் சரி" என்பார் மாதவன். முளைக்கும். மூன்று வாரம் போனதும் ஒருநாள் காலையில் தட்டு முழுக்க மண் லேசாக வெடித்திருக்கும். தலையைக் குனிந்துகொண்டே முளை மேலே வரும். இரண்டு நாளில் நிமிர்ந்து, பளபளவென்று இரண்டு இலையை விரிக்கும். எத்தனை வருஷம் பார்த்தாலும் அந்தக் காலை நேரத்தில் இருவரும் வேலையை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார்கள்.

இந்த விதையில் ஒரு விசேஷம் உண்டு. ஒரு விதைக்கு ஒரு முளை என்று கணக்குக் கிடையாது. இரண்டு வரும், மூன்றும் வரும். அவற்றில் பெரும்பாலும் தாய் மரத்தை அப்படியே உரித்து வைத்தவைதான். இடையில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருக்கும், இலை குறுகியோ, வளர்த்தி தாறுமாறாகவோ. அதை வைத்துக்கொண்டால் மேலே ஒட்டுகிற சாத்துக்குடி ஒழுங்காக வராது. ஆறு இலை விட்டதும் அதைக் கண்டுபிடித்துப் பிடுங்கி எறிந்துவிட்டு, மற்றதைத் தனித்தனியாகப் பையில் நட வேண்டும். அது வேணியின் வேலை. லின்சிக்குப் பிடுங்க மனசு வராது. "போடுறது நான், பிரிக்கிறது நீ. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்டி" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசியில் காவிரியிலும் கொள்ளிடத்திலும் ஒன்றாகத் தண்ணீர் வந்தது. பண்ணைக் கொட்டகைக்குள் முழங்கால் அளவுக்கு நின்றது. நாற்பது தட்டுக்கு வேண்டிய விதை எடுத்து அலசித் தயாராக இருந்த நேரம். "தண்ணி வடிய நாலஞ்சு நாள் ஆகும். நீ வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. கெட்டுப்போகாம பார்த்துக்க" என்று மாதவன் வேணியிடம் கொடுத்தார். அதற்கு முன்னால் ஒரு வருஷமும் விதை அப்படிக் காத்திருந்ததில்லை. இன்று எடுத்தால் நாளை மண்ணுக்குள் போய்விடும்.

வேணி லால்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். கெட்டுப்போகாமல் விதையைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நெல்லானாலும் பீர்க்கையானாலும் புடலையானாலும், வெயிலில் கலகலவென்று காயப்போடு, சாம்பலில் புரட்டு, பானையில் போட்டுக் கட்டு. மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. மூன்று நாள் மாடியில் பாய் விரித்துக் காயவைத்தாள். காக்காய் வராமல் பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காத்தாள். நல்ல சாம்பலாகச் சலித்துப் புரட்டினாள். வீட்டு வழக்கப்படி ஒரு கைப்பிடி தனியே எடுத்துப் பரணில் வைத்தாள். திருப்பிக் கொண்டுபோகிற அன்று, மாதவனுக்கு அழுக்கு ஆகாதே என்று சாம்பல் போக அலசி, ஈரத்தோடு லின்சியிடம் கொடுத்தாள். அத்தனை அக்கறையாக அவள் வாழ்நாளில் எந்த வேலையும் செய்ததில்லை. பார்த்துப் பார்த்துக் கொன்றுவிட்டாள்.

லின்சி வழக்கம்போலச் சிலுவை போட்டுக்கொண்டு விதைத்தாள். மூன்று வாரம் ஆயிற்று. ஐந்து வாரம் ஆயிற்று. நாற்பது தட்டிலும் மண் மண்ணாகவே கிடந்தது. சாத்துக்குடிக் கன்றுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தவர்கள் வந்து வந்து சத்தம் போட்டார்கள். ஒருநாள் மாதவன் எல்லார் எதிரிலும் வெடித்தார்.

"கைராசி கைராசின்னு தலையில தூக்கி வச்சு ஆடினேன் பாரு, என்னைச் சொல்லணும்! ஆழமாப் போட்டுத் தொலைச்சியா, தண்ணியை ஊத்தி அழுக வச்சியா? ஒரு தட்டு, ஒரே ஒரு தட்டாவது வந்திருக்கா?"

லின்சி தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பம்பில் கையைக் கழுவிக்கொண்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு நடந்தாள். வேணி பின்னாலேயே ஓடினாள். "விடுடி, என் கைக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டு லின்சி பஸ் ஏறினாள். அப்புறம் வரவில்லை.

அடுத்த வருஷம் பரணைத் துடைக்கும்போது அந்த ஒரு கைப்பிடி விதை கிடைத்தது. வேணி அதைக் கொண்டுபோய், புதிதாக எடுத்த விதைக்குப் பக்கத்திலேயே ஒரு தட்டில் போட்டுப் பார்த்தாள். புதுசு எல்லாம் வந்தது. அவளுடையதில் ஒன்றுகூட வரவில்லை. பிளேடால் இரண்டையும் பிளந்தாள். புது விதை உள்ளே பசேலென்று இருந்தது. அவளுடையது காய்ந்து பழுப்பேறிச் சுருங்கியிருந்தது. நெல்லுக்கு உயிர் கொடுக்கிற வெயில் இதற்கு எமன் என்று அப்போதுதான் தெரிந்தது. தட்டுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முதல் வாரம் பயம். அடுத்த மாசம் மாதவன் அவளை மேஸ்திரி ஆக்கிவிட்டார், அதனால் வாய் அடைத்துப் போயிற்று. அப்புறம் லின்சியின் போன் நம்பர் மாறிவிட்டது என்று ஒரு சமாதானம். அரியமங்கலம் என்ன அமெரிக்காவிலா இருக்கிறது? சத்திரத்தில் பஸ் மாறினால் முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தைக் கடக்க அவளுக்குப் பதினொரு வருஷம் பிடித்தது.

பிரான்சி வந்துபோன அடுத்த ஞாயிற்றுக்கிழமை, இரண்டு காட்டெலுமிச்சைப் பழத்தை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வேணி கிளம்பினாள்.

லின்சி கோயிலுக்குப் போய்விட்டு வந்து அப்போதுதான் சேலை மாற்றியிருந்தாள். சாக்குப் பை தைக்கிற கம்பெனியில் வேலை. முன்னந்தலை நரைத்திருந்தது. வாசலில் வேணியைப் பார்த்ததும், "அடியே!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "எப்படிடி வழி தெரிஞ்சுது? பிரான்சி சொன்னா, உன்னைப் பார்த்தேன்னு. என்னடி இப்படி இளைச்சுட்ட?" கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய் ஃபேனுக்குக் கீழே உட்காரவைத்தாள். அடித்துத் துரத்தியிருந்தால் வேணிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அலமாரிமேல் பிளாஸ்டிக் ரோஜாக் கொத்து ஒன்று இருந்தது. தூசி தட்டி, சுத்தமாக. வீட்டில் வேறு பச்சை இல்லை. வேணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லின்சி அடுப்படிப் பக்கம் போய்க்கொண்டே சொன்னாள். "மோர் இருக்கா பார்க்கிறேன் இரு. பக்கத்து வீட்டுப் பொண்ணு வந்து உறை ஊத்திட்டுப் போகும். நேத்து வரலை."

"உறை ஊத்தறதுக்கு எதுக்குடி பக்கத்து வீட்டுப் பொண்ணு?"

"என் கை பட்டா உறையாதுடி." ரேஷன் கடையில் சர்க்கரை இல்லை என்கிற குரலில் சொன்னாள். "இட்லி மாவும் நான் கரைச்சா பொங்காது. எங்க வீட்டுக்காரர்தான் கரைப்பாரு. பழகிடுச்சு."

வேணியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "லின்சி, உக்காரு. உன் கைக்கு ஒண்ணும் ஆகலை. அந்த விதையைக் கொன்னது நான்," என்றாள். பாய், வெயில், சாம்பல், அலசினது, பரண், பிளேடு என்று ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லும்போதே அழுதாள். லின்சி அழவில்லை. எதிரில் தரையில் உட்கார்ந்து, பழம் பிரிக்கிற காலத்தில் உட்கார்ந்தது போலவே காலை மடக்கிக்கொண்டு கேட்டாள்.

"எத்தனை நாள் வெயில்ல போட்ட?"

"மூணு நாள்."

"எப்போ தெரிஞ்சுது உனக்கு?"

"அடுத்த வருஷம்."

"அடுத்த வருஷம்," என்று லின்சி திருப்பிச் சொன்னாள். மடியில் கிடந்த கைகளைப் பார்த்தாள். "நீ காயப்போட்டதுக்கு நான் ஒண்ணும் சொல்லலைடி. எனக்கும்தான் தெரியாது. என்கிட்டக் குடுத்திருந்தா நானும் காயத்தான் போட்டிருப்பேன். ஆனா தெரிஞ்ச மறுநாள் நீ பஸ் ஏறியிருக்கணும். பதினோரு வருஷம். தெனம் இந்தக் கையைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

"லின்சி..."

"போயிட்டு வா. இப்போ போ."

வேணி எழுந்தாள். மஞ்சப்பையை அங்கேயே தரையில் விட்டுவிட்டு வந்தாள். வேண்டுமென்று விட்டாளா, மறந்து விட்டாளா என்று பஸ் அரியமங்கலம் தாண்டிய பிறகும் அவளுக்கே தெரியவில்லை. அழுத முகத்தோடு சத்திரத்தில் இறங்கி, ஸ்ரீரங்கம் பஸ் வரும்வரை நின்றாள். செருப்புக் கடைக்காரர் வழக்கம்போலக் கூவிக்கொண்டிருந்தார். லின்சியின் செருப்புக் கதை நினைவுக்கு வந்தது.

மறுநாள் மாதவனிடமும் சொன்னாள். "மேஸ்திரி வேலையை வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்கண்ணே" என்றாள். மாதவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கைராசின்னு சொன்னதும் நான்தான், இல்லைன்னு சொன்னதும் நான்தான்," என்றார். "விதையை வெட்டிப் பார்த்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். எனக்குத் தோணலை, கத்தத்தான் தோணுச்சு. நீ போய் வேலையைப் பாரு. நானும் அந்தப் பொண்ணைப் போய்ப் பார்க்கணும்." அந்த வாரமே போனார் என்று தெரியும். என்ன பேசினார் என்று சொல்லவில்லை. திரும்பி வந்தவர் இரண்டு நாள் யாரையும் அதட்டவில்லை.

லின்சியிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. வேணி போன் செய்யவும் துணியவில்லை. முதல் வாரம் போயிற்று, இரண்டாவது வாரம் போயிற்று. பண்ணையில் அந்த வருஷத்துத் தட்டுகளில் முளை வந்தது. தலையைக் குனிந்துகொண்டு வந்து, நிமிர்ந்து, இலையை விரித்தது. பெண்கள் கூப்பிட்டுக் காட்டினார்கள். வேணி பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். கார்த்திகை முடிந்து மார்கழியும் பிறந்தது. ஸ்ரீரங்கம் முழுக்க ஏகாதசிக் கூட்டம் வந்து நிரம்பி, வடிந்தது. தட்டில் செடிகள் ஆறு இலை விட்டு, வேணி பிரிக்கிற வேலையில் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"பதினாலு விதை இருந்துச்சு அந்த ரெண்டு பழத்துல," என்றது லின்சியின் குரல். குசலம் விசாரிக்கவில்லை. "எண்ணெய் டின்னை வெட்டி மண்ணு போட்டு வச்சேன். பதினாலும் வந்திருக்கு."

வேணி கையிலிருந்த நாற்றைக் கீழே வைத்தாள்.

"இருக்கியா? கேக்குதா?"

"கேக்குது."

"ஒண்ணுல மூணு, ஒண்ணுல ரெண்டுன்னு நெருக்கிக்கிட்டு நிக்குது. ஆறு இலை ஆயிடுச்சு. எனக்கு இன்னும் கோபம் போகலைடி, சொல்லிட்டேன். ஆனா அதுங்க என்ன பண்ணும்? பிரிக்கிறது உன் வேலை. ஞாயித்துக்கிழமை வந்து பிரிச்சுக் குடுத்துட்டுப் போ. நல்லதா ஒண்ணு பிரான்சி வீட்டுல, உன்கிட்ட வாங்கின கன்னுக்குப் பக்கத்துலயே வைக்கணும், நான்தான் போய் நடப்போறேன்."

"வரேன்டி. காலையிலயே வரேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேறு என்ன கேட்பது என்று தெரியாமல் வேணி கேட்டாள். "சாப்பாட்டுக்கு என்ன கொண்டு வரட்டும்?"

அந்தப் பக்கம் பாத்திரத்தை நகர்த்துகிற ஓசை கேட்டது.

"நீ புளிக்குழம்பு கொண்டு வா. தயிரு வேண்டாம்," என்றாள் லின்சி. "இங்க நானே உறை ஊத்தியிருக்கேன்."